மசூரின் இடது கை

"பசை ஒட்டிக் கிடக்கு. கத்தியை எடு" என்றார் முகைதீன்பாவா.

ஜவுபர் கத்தியை எடுக்காமல் செம்பில் தண்ணீர் மொண்டான்.

தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் அவர்கள் இரண்டு பேர்தான். பலகையில் முகைதீன்பாவாவின் தம்பி மசூர் கிடந்தான், இடுப்புக்கு வெள்ளைத் துணி போர்த்தி. காலையில் ஒலுவில் கரையில் பைபர் படகொன்றுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்துவிட்டான். மாலை அஸர் தொழுகைக்குள் மையத்தை அடக்க வேண்டும்.

மையத்தைக் குளிப்பாட்டும்போது ஒரு நகக்கண் இடமும் தண்ணீர் படாமல் விடக் கூடாது. சாயமோ பசையோ ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மசூரின் இடது கையில் நாலு விரல் நுனிகளும் மஞ்சளித்துத் தடித்துக் கிடந்தன. படகுப் பசை காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். மூத்தவர் நினைத்ததில் தப்பில்லை.

ஆனால் அது பசையில்லை.

கிற்றார்த் தந்தியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோல் அது. அந்த மறைப்புக்குள் ஜவுபருக்கு மட்டும்தான் அது தெரியும்.

இந்தக் கரையில் மின்சாரக் கிற்றாரை முதன்முதல் தோளில் மாட்டியவன் மசூர். கல்முனைக் கார்னிவல் மேடையில் அவன் றொக் அன் றோல் வாசித்தபோது பின்னால் ட்ரம்ஸ் அடித்தது ஜவுபர்தான். பொடியன்கள் மணலை வாரி ஆகாயத்துக்கு எறிந்து ஆடினார்கள். பொத்துவில் வரைக்கும் அவனைப் பார்த்து முடி வளர்த்தார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காரான முகைதீன்பாவா மறுநாளே அந்தக் கிற்றாரை முற்றத்தில் போட்டுக் கோடரியால் பிளந்தார். ஊர் பார்க்கத் தம்பியிடம் சத்தியமும் வாங்கினார்.

"இனி ஒருக்கா தந்தியில விரல் வெச்சாயெண்டா, உன்ட மையத்துக்கும் நான் வரமாட்டன்."

அது நடந்தது எழுபத்தாறில். ஆறு வருசமாகிவிட்டது. ஊரும் அந்தச் சொல்லை மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை.

மசூர் சத்தியத்தை மீறினான். எங்கேயோ தேடி இன்னொரு கிற்றார் வாங்கினான். ஜவுபரின் நெல்லுக் குத்துகிற மில்லின் பின்னறையில் அதை ஒளித்து வைத்தார்கள். எஞ்சின் இரைச்சலில் யானை பிளிறினாலும் தெருவுக்குக் கேட்காது. எஞ்சின் ஓடும்வரை மசூர் வாசிப்பான். எஞ்சின் நின்றால் அவன் கையும் நின்றுவிடும். எத்தனையோ பாட்டுகள் அப்படிப் பாதியில் செத்திருக்கின்றன.

காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வந்த பொடியன்கள் அந்த அறையில்தான் மசூரிடம் வாசிக்கப் பழகினார்கள். இப்போது கல்யாண வீடுகளில் வாசிக்கிற எந்தக் கோஷ்டியைக் கேட்டாலும் மசூரின் விரல் எங்கேயாவது தட்டுப்படும். அவர்கள்தான் வேலிக்கு வெளியே, யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியாமல், நீண்ட முடியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மில்லுக்கு முகைதீன்பாவாவும் வருவார். அவர் தலை தெரிந்தாலே ஜவுபர் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்துவான். வண்டி வண்டியாக நெல் விளைகிற மனிசன், ஒரேயடியாகக் குத்திக்கொண்டு போகாமல் ஒவ்வொரு மூட்டையாகச் சைக்கிளில் கொண்டுவருவார். வாசலிலும் நிற்கமாட்டார். பின்பக்கம் போய், பின்னறைச் சுவரை ஒட்டிய உமிக் குவியலடியில் நிற்பார். கல்லில் நார் உரிக்கிற மனிசன், உமியையும் காவல் காக்கிறார் என்று ஜவுபர் மனதுக்குள் திட்டுவான். அவருடைய நெல்லை அவசர அவசரமாகக் குத்தி, எஞ்சினைப் பட்டென்று நிறுத்தி, ஆளை அனுப்பிய பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.

"கத்தியைத் தாடா. நேரம் போகுது."

ஜவுபர் கொடுத்தான். பேசாமல் இருந்தால் மசூரின் மானம் தப்பும்.

ஆனால் மையத்துக்கும் வலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் அவன். அந்தத் தோலைச் சுரண்டுவதை எப்படி நின்று பார்ப்பது? உண்மையைச் சொன்னாலோ, மனிசன் சொன்ன சொல் தவறாதவர், செம்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். வாசலில் நிற்கும் ஊருக்குக் காரணம் விளங்கிவிடும். கூடப்பிறந்தவன் தொழுவிக்காத மையத்தாக மசூர் மண்ணுக்குப் போவான்.

கத்தி நுனி சுட்டுவிரலில் பட்டது.

ஜவுபர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் காக்கா. அது பசையில்ல. தந்தி பட்ட காய்ப்பு."

 முகைதீன்பாவா தம்பியின் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தார். அது மெத்தென்று இருந்தது. மற்ற நாலு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். வெளியே யாரோ யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.  ஜவுபர், அவர் இறங்கிப் போகப்போகும் மறைப்பு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் கத்தியைத் தூர வைத்தார். இலந்தை இலை போட்ட தண்ணீரை அள்ளி அந்த விரல்களில் ஊற்றினார். இன்னொரு தரமும் ஊற்றினார். மூன்றாம் தரம் அள்ளியவர், ஊற்றாமல் ஜவுபரைப் பார்த்தார்.

"என்ட நெல்லு முடிஞ்சாலும், எஞ்சினை இன்னம் கொஞ்சம் ஓட விட்டிருக்கலாமேடா நீ."