ஒரு கிலோமீட்டருக்குள்

"உங்க ஆபீசுக்கு யாரு போன் பண்ணான்னு மட்டும் சொல்லும்மா. போதும்."

ஹார்மன் பாதையை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு நீளக் கொட்டகைகள். உள்ளே நாற்பதாயிரம் முட்டைக்கோழிகள்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது," என்றாள் யோரீன்.

அவள் கால்நடைத் துறையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கொட்டகைக்குள் போய்க் கோழிகளைக் கொல்கிற வேலை மற்றவர்களுக்கு. பண்ணைக்காரர்களிடம் பேசி அதற்குக் கையெழுத்து வாங்குவது அவளுக்கு. எது கஷ்டமான வேலை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

விடியும்போது அது வெறும் ஊர்ச்சாலை. ஏழு மணிக்குள் பதினோரு லாரிகள், வாயு உருளைகள், வெள்ளை உடையில் ஐம்பது பேர், இரண்டு முனையிலும் போலீஸ். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவைக் காய்ச்சல் கிருமிக்காக ஓர் அரசாங்கமே இப்படிச் சத்தமில்லாமல் எழுந்து வந்து நிற்பதைப் பார்த்து அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"எப்ப சாக ஆரம்பிச்சுது?"

"சனிக்கிழமை சாயங்காலம் பன்னெண்டு கோழி. நேத்துக் காலைல எம்பது."

"நேத்தே ஏன் சொல்லல?"

ஹார்மன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"நேத்து ஞாயித்துக்கிழமைம்மா."

அவர் மனைவி ஹிலி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "ஓய்வுநாள்ல இங்க துணிகூடக் காயப்போட மாட்டோம். இன்னிக்கு மத்தியானம் சொல்றதாத்தான் இருந்தாரு."

"காலைலயே சொல்லாம மத்தியானமா?"

ஹிலி கணவனைப் பார்த்தாள். ஹார்மன் தரையைப் பார்த்தார்.

"ரையருக்காகத்தான்," என்றார் கடைசியில். "அடுத்த பண்ணைக்காரன். முப்பதாயிரம் இளங்கோழி வளத்து வச்சிருக்கான், ஒண்ணுகூடத் தும்மல. வடக்கே ஒரு பண்ணைக்கு விலை பேசியாச்சு. இன்னிக்கு ஏழு மணிக்கு ஏத்திட்டுப் போக லாரி வர இருந்துச்சு. அது போனப்புறம் சொன்னா அவனாவது தப்பிப்பானேன்னு பாத்தேன். கொட்டகைக்குப் பின்னால செத்ததைக் குமிச்சு வச்சிருந்தேன், எவனோ பாத்திருக்கான். ஒரே ஒரு நாள் பொறுக்கல அந்தப் படுபாவி!"

"லாரியோட நோயும் வடக்கே போயிருந்தா?"

"போயிருந்தா, போயிருந்தா! உங்க ஆபீஸ்ல எல்லாமே போயிருந்தாதான்," என்று சீறினார். "கேட்டுக்கோ. போன் பண்ணவன் கோழி வளக்கிறவனா இருக்கவே முடியாது. வளத்தவனுக்குக் கை வராது."

போலீஸ் கட்டியிருந்த நாடாவுக்கு அப்பால் ஊர் கூடியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை போனைத் தொட்டிருக்கான்னா அவன் நம்ம ஆளே இல்ல," என்றார் ஒருவர்.

"அந்த ஆம்ஸ்டர்டாம்காரிதான், ஃபெம்கே. போன வருஷம் குடி வந்தாளே."

"நாம வயலுக்கு எரு போட்டாலே மூக்கைப் பொத்திக்கிட்டு மனு எழுதுறவ."

"அவளுக்கென்னய்யா நஷ்டம்? அவ வீட்டுக் கோழியெல்லாம் ஃப்ரிட்ஜ்லதான் மேயுது."

ஒருவர் சிரித்தார். கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஃபெம்கேவே சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"ஹிலி அக்கா, பட்டாணி சூப். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க…"

"வேடிக்கை பாக்க வந்தியா? நல்லாப் பாத்துக்கோ," என்றாள் ஹிலி. கதவு சாத்தப்பட்டது.

நாடாவுக்கு வெளியே பாத்திரத்தை வைத்துவிட்டு ஃபெம்கே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். யோரீனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பத்து மணிக்கு ஹார்மன் கையெழுத்துப் போட்டார். பதினொன்றரைக்குக் கொட்டகைகளுக்குள் சத்தம் நின்றது. நாற்பதாயிரம் உயிர்களின் இரைச்சல் அடங்கினால் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நாடாவுக்கு அப்பால் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அடுத்து ரையரின் பண்ணை. அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார், அவள் வெளியே. தேவாலயத்தில் மூப்பராக இருக்கும் மனிதர். ஒல்லியாக, அமைதியாக இருந்தார். கொட்டகையிலிருந்து இளங்கோழிகளின் கீச்சுக்குரல் வந்துகொண்டிருந்தது.

"நோய் கண்ட இடத்துலேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பண்ணை எல்லாம்…" அவளால் முழுதாக வாசிக்க முடியவில்லை.

"தெரியும்மா. குடு, கையெழுத்துப் போடுறேன்."

"உங்க கோழிங்க நல்லா இருக்கு. எனக்குத் தெரியும். மன்னிச்சிருங்க."

"உன் மேல என்ன தப்பு?" பேனாவை வாங்கிக்கொண்டே கேட்டார்: "இது முடிஞ்சதும் என்னை ஹார்மன் வீட்டு வாசல் வரைக்கும் விடுவாங்களா? ஃபெம்கேவை எல்லாரும் ஏசுறாங்களாமே."

இவரும் ஏசத்தான் போகிறாரா? இழக்கப்போகிறவர், கோபம் இருக்காதா?

"கேட்டுச் சொல்றேன்," என்றாள். பிறகு மனசு கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. வரைபடத்துல உங்க கொட்டகை எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கு. ஒருவேளை ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் இருக்கலாம். சரியா அளந்து பாக்கச் சொல்லி நீங்க கேக்கலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

ரையர் காகிதத்தை கேட் கம்பத்தின் மேல் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"வேண்டாம்மா. தொள்ளாயிரத்து நாப்பது மீட்டர்தான். நேத்து உங்க ஆபீசுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே வயலுக்குக் குறுக்கே ரெண்டு தடவை நடந்து அளந்துட்டேன்."