எதிர்த் தேரில் ஒரு முகம்

தலைமைப் பயிற்சிக்கென்று கீதோபதேசத்தையே கண்ணாடிக்குள் அடைத்துவிட்டது கம்பெனி. வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும் மேலாளர் போர்க்களத்தில், கையில் வில்லோடு நின்றார். எதிர்த் தேரில் நின்ற வீரனுக்கோ, அதே ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் அண்ணன் முகம்!

“பற்றை விடு, அம்பை எய்,” என்றான் தேரோட்டி.

‘வெறும் பொம்மைதானே’ என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு எய்தார்.

“பாஸாயிட்டீங்க சார்!” என்று பயிற்சியாளர் கைகொடுத்தார்.

வெளியே மச்சான் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இது?”

“பக்கத்து ரூம்ல எனக்கும் அதே பரீட்சைதான், மாப்ள. எதிர்ல உங்க முகம் வந்துச்சு. வில்லைக் கீழ போட்டுட்டேன். தலைமைக்கு லாயக்கில்லைன்னு சீட்டைக் கிழிச்சுட்டாங்க.”



மச்சான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நீங்க யாரை அடிச்சீங்கன்னு மட்டும் தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க.”