வகுபடாத எண்

அந்தச் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு நீண்ட எண்ணைத் தருவார்கள். ஒன்றையும் அதே எண்ணையும் தவிர்த்து, மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைக் கண்டுபிடித்தால் விடுதலை. தவறாகச் சொன்னால் தூக்கு. சவரிமுத்துவின் எண் சுவரின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையில் முடிந்தது. அது பகா எண் என்பதை அவன் அக்கா எஸ்தர் கணினியில் சோதித்து அறிந்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை.

இன்று அவளைக் கண்டதும் கம்பிக்குப் பின்னால் குதித்தான்.

“அக்கா, போயிருச்சு! மீதியே இல்ல! மக்கு மக்குன்னு திட்டுவியே, இப்ப சொல்லு!”

“யார்கிட்டயும் சொல்லிட்டியாடா?”

“சொல்லாம? சரிபாக்க ஆபீசர் வந்துக்கிட்டிருக்கார்.”

சுவரில் கரியால் போட்டிருந்த கணக்கில், ஒரு கழித்தலில் கடன் வாங்க மறந்திருந்தான். பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வருகிறவரும் அந்த இடத்தில் மறந்துவிட வேண்டுமென்று எஸ்தர் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.