பாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

"தீபன். வயசு இருபத்து நாலு. குனோங் ராபாட்டுல மெக்கானிக் கடைக்கு மேல ரூம். ஆண்டவர் காட்டுறாரு."

கண்ணை மூடியபடியே சொன்னார் பாஸ்டர் இராசையா. ஜெபம் எப்போது முடியும், கோழிக்குழம்பு எப்போது வரும் என்று கடைசி நாற்காலியில் காத்திருந்த தீபனுக்கு வியர்த்துவிட்டது. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் இருந்த அந்தச் சபைக்கு அவன் வருவதே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத்தான். அங்கே யாரிடமும் பெயர்கூடச் சொன்னதில்லை.

"வெள்ளிக்கிழமை வேன்ல போகப்போற. போகாத மகனே."

தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, தங்குமிடம் இலவசம் என்று ஒரு ஏஜெண்டு ஆசை காட்டியிருந்தான். சாப்பாட்டுக்கடை வேலையை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டோடு வேனில் ஏறச் சொல்லியிருந்தான். அறந்தாங்கியிலிருந்து அம்மா போனில், "போகாதடா, போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்று அழுதாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத அம்மாவுக்கு உலகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தீபன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாஸ்டர் விஷயத்திலும் அம்மா அப்படித்தான். முதல் வாரம் சபை வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு நின்று படம் எடுத்து அனுப்பியதற்கு, "சோறு சரி. பின்னாடி பேனர்ல போன் நம்பரோட சிரிக்கிறாரே, அந்த ஆளு மூஞ்சியே சரியில்ல. தின்னுட்டு வந்துரு, பேச்ச நம்பாத" என்றிருந்தாள்.

ஆனால் இப்போது வேனைப் பற்றிச் சொன்னது அம்மா இல்லை, ஆண்டவர். தீபனுக்குத் தூக்கம் போய்விட்டது.

கடையில் பரோட்டா போடும் சன்னாசி அண்ணனிடம் சொன்னான். அவர் சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் பிறந்தவர். எந்தச் சாமியையும் தட்டிப் பார்க்காமல் கும்பிட மாட்டார்.

"பாஸ்டர் ஆவுறதுக்கு முந்தி அவரு லோரி ஓட்டுனவரு லா. ஊர்க்கதை பூரா தெரியும். நம்ம கடையில எவனோ வாய விட்டுருக்கான். நீ எல்லார்கிட்டயும் ஒரு பொய்யச் சொல்லி வை. அது பாஸ்டர் வாயில வருதான்னு பாப்போம்."

பக்கத்து ஊரான காம்பாரில் தனக்கு ஒரு காதலி இருக்கிறாள் என்று தீபன் கடை முழுக்கச் சொன்னான். முதலாளி மட்டும் நம்பவில்லை.

புதன்கிழமை ஜெபத்தில் பாஸ்டர் காதலியைப் பற்றி மூச்சே விடவில்லை. தீபன் தலையில் கையை வைத்து, "உங்க வீட்டு செவலப் பசு இன்னிக்கு கன்னு போட்டுருக்கு. கிடேரி" என்றார்.

தீபனுக்கே தெரியாத சேதி. வெளியே ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டான்.

"ஆமாடா, மத்தியானந்தான் போட்டுச்சு. ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆண்டவரும்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. "அந்தச் சாமி வேற என்ன சொல்லுச்சு?"

"வேன்ல போகாதன்னுச்சு."

"வெவரமான சாமியாத்தான் இருக்கும்போல. கேட்டு நட."

சன்னாசி அண்ணனும் இறங்கி வந்துவிட்டார். "யேசு மாட்டுக் கொட்டாயில பொறந்தவருதானே லா. மாட்டு விசயம் அவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

வியாழக்கிழமை காலையில், வரவில்லை என்று ஏஜெண்டுக்குச் சொல்லிவிட்டான் தீபன். அப்புறம் அம்மாவுக்கும் மெசேஜ் அனுப்பினான்: 'சாமி சொல்லிருச்சு, போகல.'

சாயங்காலம் நேராக பாஸ்டர் வீட்டுக்குப் போனான். அவர் அடுப்படியில் கோழிக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்தார்.

"பாஸ்டர், நான் ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன். இனிமே என் உசுரு உங்க கையில."

பாஸ்டர் தன் கையைப் பார்த்தார். அதில் மஞ்சளும் மிளகாயும்தான் இருந்தன.

"அதுக்கெல்லாம் அவசரம் வேணாம் லா தம்பி" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "ஒக்காரு. தண்ணி குடி."

மேசையில் அவருடைய போன் அடித்தது.

"கை பூரா மசாலா. கொஞ்சம் ஸ்பீக்கர்ல போட்டு விடு லா."

தீபன் அமுக்கினான். பேசியது அவன் அம்மா.

"ஐயா, புள்ள போகலன்னுட்டான். நீங்க நல்லா இருக்கணும். நான் சொல்லித்தான் சொன்னீங்கன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லிப்புடாதீங்க."