கொழும்பில் பிறந்த பிள்ளை

"துடக்காம் துடக்கு! விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் கதைக்கிற கதையே இது?"

கேதீஸ்வரன் போனைக் கட்டிலில் எறிந்தார்.

"ஆர், உங்கடை அண்ணையின்ரை மகளோ? என்னவாம் ஆரணி?" என்று கேட்டாள் மனைவி குணலட்சுமி.

"அவளின்ரை புருசன்ரை தம்பிக்குக் கொழும்பிலை பிள்ளை பிறந்திருக்காம். பிள்ளை பிறந்த தீட்டாலை தனக்குத் துடக்காம். அப்பாவுக்குப் பக்கத்திலை தான்தான் நிக்கிறாளாம். கோயில் திருவிழா நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்து துடக்கோடை முட்டுப்படாதேங்கோ எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லுறாள். அங்கை சாகக் கிடக்கிறது என்ரை அண்ணை!"

அண்ணன் சிவசுப்பிரமணியத்துக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நன்றாகத்தான் முடிந்தது. பிறகுதான் வினை. காயத்தில் கிருமி பிடித்துச் சீழ் வைத்துவிட்டது. கொடுத்த மருந்தெல்லாம் தோற்றுப்போக, தனி அறைக்கு மாற்றினார்கள்.

விடுவார்களா சொந்தக்காரர்? பண்டத்தரிப்பிலிருந்து வான் பிடித்துப் போய் இறங்கினார்கள். "எங்கை, காயத்தைப் பாப்பம்" என்று கேதீஸ்வரன் கட்டைத் தூக்கினார். குணலட்சுமி திருநீற்றை அள்ளி வயிறு முழுக்கப் பூசினாள்.

"ஐயோ, கை கழுவாமல் தொடாதேங்கோ!" நேர்ஸ் ஓடிவந்தாள்.

"நாங்கள் என்ன பிறத்தியாரோ பிள்ளை?"

டொக்டர் கேதீஸ்வரனையும் ஆரணியையும் வெளியே கூப்பிட்டார். "இந்தக் கிருமிக்குக் கேக்கிற மருந்து இனி ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அதுக்கு மேலை இன்னொரு கிருமி சேந்தால் எங்கடை கையிலை ஒண்டும் இல்லை. வாற ஆக்கள் கொண்டும் வருவினம், கொண்டும் போவினம்."

கேதீஸ்வரன் பயபக்தியோடு தலையாட்டினார். அடுத்த நாள் இரண்டு வானில் போனார்கள்.

ஆனால் ஆரணி போனில் துடக்கு என்றதும் ஊரே அடங்கிவிட்டது. கேதீஸ்வரனுக்கு அண்ணனைப் போய்ப் பார்க்கத்தான் ஆசை. என்ன செய்வது, தேர்த்திருவிழா அவருடைய உபயமாயிற்றே! ஆரணியைத் திட்டித் திட்டியே திருவிழாவை ஒப்பேற்றினார்.

தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு செய்தி வந்தது. கடைசி மருந்து கிருமியை வென்றுவிட்டது. புதுக் கிருமி எதுவும் அண்டவில்லை. காயம் மூடி, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்! கேதீஸ்வரன் றோட்டில் நின்றே குழந்தைபோல அழுதார்.

பிறந்த பிள்ளைக்குச் சட்டையும் பவுடரும் வாங்கிக்கொண்டு பறந்தார். முற்றத்தில் தானாக நடந்துகொண்டிருந்த அண்ணனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

"இந்தா ஆரணி, கொழும்புக் குஞ்சுக்கு. ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

ஆரணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஆம்பிளைப் பிள்ளைதான் சித்தப்பா. உங்கை நடக்குது, பாருங்கோ" என்று அப்பாவைக் காட்டினாள்.

"என்னடி பகிடியே விடுறாய்? அப்ப துடக்கு?"

"கிருமி எண்டு சொன்னம், வான் வானா வந்தியள். துடக்கு எண்டு சொன்னன், ஒருத்தரும் வரேல்லை."