இடது பக்க நாற்காலி

“இடது பக்கம் இருக்கறவர்தான் நோயாளி சார்.”

அவள் சட்டென்று சொல்லிவிட்டாள். மனநல மருத்துவ மேற்படிப்பில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் இருப்பதோ ஒரே இடம். இன்றைக்குக் கோட்டை விட்டால் அதுவும் போச்சு.

திரையில் ஒலியில்லாமல் வீடியோ ஓடியது. எதிரெதிரே இரண்டு பேர், ஆய்வு விதிப்படி முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். அந்தத் துறையில் டாக்டர்கள் வெள்ளைக் கோட்டும் போடுவதில்லை. உடம்பைப் பார்த்தே மனசைச் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை.

மேஜைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர். மாணவர்கள் வைத்திருந்த பெயர் கல்லுளிமங்கன். பாஸ் போட்டாலும் ஃபெயில் போட்டாலும் மனுஷனுக்கு ஒரே முகம்தான். அவர் முன்னால் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

“எப்படிச் சொல்றே?”

“கை அசையவே இல்ல சார். உள்ளங்கை மேல பார்க்க, மடியில போட்டது போட்டபடியே கிடக்கு. எதிர்ல இருக்கறவர் அவ்வளவு பேசறார், இவர் தலைகூட நிமிரல.”

“வலது பக்கம்?”

“அவர் டாக்டர். முன்னால சாய்ஞ்சு கேட்கறார். இதோ, எழுந்து போய்த் தண்ணி ஊத்திக் கொடுக்கறார் பாருங்க. நல்ல மனுஷன் சார்.”

“நல்ல மனுஷன்தான்.” பேராசிரியரின் கைகள் மேஜைமேல் மல்லாந்து கிடந்தன. “சரி, இடது பக்கத்துக்காரருக்கு என்ன செய்யலாம்?”

கூட்டிச் சொன்னாலும் தப்பு, குறைத்துச் சொன்னாலும் தப்பு. கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவோம் என்று துணிந்தாள்.

“கடுமையான மனச்சோர்வு சார். ரொம்ப நாளா இருந்திருக்கும், கூட இருக்கறவங்க கவனிக்கல. தனியா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இன்னிக்கே வார்டுல சேர்க்கணும்.”

பேராசிரியர் வீடியோவை நிறுத்தினார். மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“பாஸ். ஆய்வுல சேர்ந்துக்கோ.”

அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. “ரொம்ப தேங்க்ஸ் சார்!”

“அந்த வலது பக்கத்துக்காரர் நம்ம வார்டு நோயாளிம்மா. குணமாயிடுச்சு, இன்னிக்கு வீட்டுக்குப் போறார்.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. திரையைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த கைகளைப் பார்த்தாள்.

பேராசிரியர் அதே குரலில் கேட்டார்:

“அவர் படுக்கையை எனக்குப் போட்டுடறியாம்மா?”