லாரி டிரைவரின் குடல்

வார்டில் படுத்திருக்கும் லாரி டிரைவருக்கு ஆபரேஷனில் வெட்டியெடுத்த சிறுகுடல் துண்டு, என் ஆய்வகத்தில் உப்புத் தண்ணீரில் தொங்கியது. நரம்பு இடும் கட்டளையை அழிக்கிற என்சைமை ஊற்றினேன். துண்டு அடங்கி, அதன் அசைவைப் பதியும் வரைபடத்தில் கோடு நேராக வந்தால்தான் என் ஆய்வு தேறும். துண்டோ குதித்தது.

வார்டுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், டிரைவர் ஏதாச்சும் சாப்பிடுறாரா?"

"ஆமா, திருட்டுத்தனமா பிஸ்கட்! உங்களுக்கு யாரு சொன்னா?"

குடல் சொன்னது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்ச நேரம் வாயைக் கட்டச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

பிஸ்கட்டைப் பிடுங்கினார்கள். கோடு நேரானது. சோதனை முடிகிற சமயத்தில் துண்டு மறுபடி துள்ளியது.

"சிஸ்டர், மறுபடியுமா?"

"இல்லம்மா, அசந்து தூங்குறாரு. கனவுல எங்கயோ விருந்துபோல, வெறும் வாயை மென்னுக்கிட்டிருக்காரு."